ரெசர்வாயர்ல அடுத்து எந்த வெளியூர் மீன் எங்க போகும்னு கணிக்க முடியுமா?

ஈசூன்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். யூனியில கடைசி வருஷம். புரொஜெக்டுக்கு சூப்பர்வைசர் கொடுத்த தலைப்பு, நம்ம சிங்கப்பூர் நீர்த்தேக்கங்கள்ல வெளிநாட்டு உயிரினங்கள் பரவுறத முன்கூட்டியே கணிக்கிறது. கேக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா படிக்க உக்காந்தா வர்ற கட்டுரையெல்லாம் முக்காவாசி அமெரிக்க ஏரிகளப் பத்தி, அதுலயும் பாதி அந்த வரிபோட்ட குட்டி சிப்பி, ஸீப்ரா மஸல் பத்தி. 1988ல செயின்ட் கிளேர் ஏரியில பாத்தாங்களாம், கப்பல் அடியில ரொப்பிட்டு வர்ற பாலாஸ்ட் தண்ணியில வந்து இறங்கினது, அப்புறம் படகு, டிரெய்லர்னு ஒட்டிக்கிட்டு ஏரி விட்டு ஏரி போயிட்டே இருக்கு.

அதை கணிக்க கிராவிட்டி மாடல்னு ஒண்ணு வச்சிருக்காங்க. எனக்கு புரிஞ்ச வரைக்கும், எந்த ஊர்ல எத்தனை படகு இருக்கு, ஏரி எவ்ளோ பெருசு, ஊருக்கும் ஏரிக்கும் எவ்ளோ தூரம், இதையெல்லாம் போட்டு எந்த ஏரிக்கு எத்தனை படகு வரும்னு கணக்கு எடுக்கிறாங்க, நெறய படகு வர்ற ஏரிக்கு ஆபத்து ஜாஸ்தி. சரி, அழகான கணக்கு. ஆனா நம்ம ஊர்ல யாரு டிரெய்லர்ல படகு கட்டி பிடோக் நீர்த்தேக்கத்துல இருந்து கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்கு இழுத்துட்டு போறாங்க?

அதனால கேள்வி என்னன்னா, இந்த மாடல் இங்க எடுபடுமா, இல்லைன்னா எதை வச்சு கணிக்கிறது? அப்புறம் இன்னொண்ணு, கணிச்சுத்தான் என்ன பண்றது, உள்ள வந்துட்ட மீனை வெளிய எடுக்க முடியுமா முடியாதா? மீன் பிடிக்கிறவங்க, இந்த துறையில வேலை பாக்குறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

தூண்டில்_அண்ணே

தம்பி, மாடல் எல்லாம் எனக்கு தெரியாது, மீனு தெரியும்.

லோவர் சிலேத்தார், பிடோக் பக்கம் காலையில வந்து நின்னு பாருங்க. பீக்காக் பாஸ் தென் அமெரிக்கா. மாயன் சிக்லிட் மத்திய அமெரிக்கா. ஜியோஃபேகஸ், அந்த மண்ணை வாயில அள்ளி வடிகட்டி துப்புமே, அதுவும் தென் அமெரிக்கா. திலாப்பியா ஆப்பிரிக்கா, சப்பான்காரன் ஆட்சி காலத்துல ஜாவாவுல இருந்து கொண்டாந்தது. டோமான் மட்டும் பக்கத்து ஊரு, அதுவும் நம்ம தீவுல முதல்ல இருந்தது இல்லைன்னுதான் சொல்றாங்க. அப்பர் சிலேத்தார்ல மோட்டோரோ திருக்கை, பழுப்பு உடம்புல ஆரஞ்சு வளையம் வளையமா இருக்கும், வால்ல விஷ முள்ளு, அது குட்டி போட்டு பெருகியே போச்சு, மீன்கடைக்காரன் வித்த மீனு தவிர வேற எப்படி வந்திருக்கும் சொல்லுங்க.

படகும் இல்ல கப்பலும் இல்ல தம்பி, எல்லாம் பிளாஸ்டிக் பை. மீன் பெருசாயிடுச்சு, தொட்டி பத்தல, வீடு மாத்துறோம், அம்மா திட்டுறாங்க, கொன்னா பாவம், அப்ப என்ன பண்ணுவாங்க, ராத்திரி ரெசர்வாயர் கார்பார்க்ல வண்டிய நிறுத்தி படிக்கட்டுல இறங்கி கொட்டிட்டு போயிடுவாங்க. 2000த்தை ஒட்டி லுவோஹான் மோகம் வந்துச்சு ஞாபகம் இருக்கா, தலையில மேடு போட்ட மீனு, மேட்டுல நம்பர் தெரியுதுன்னு ஆயிரக்கணக்கு வெள்ளி போட்டு வாங்கினாங்க. மோகம் இறங்கினதும் விலை படுத்துச்சு, அதுக்கப்புறம் எங்க தூண்டில் போட்டாலும் லுவோஹான். உங்க மாடல்ல இதை எந்த கட்டத்துல போடுவீங்க?

உயிரோட இருக்குற இரை போடக்கூடாது, செயற்கை இரை மட்டும்தான்னு ரெசர்வாயர்ல ரூல் இருக்கு. அது நல்ல ரூல்தான், இரைக்குன்னு கொண்டுவர்ற மீனு தப்பிக்காது. ஆனா தொட்டி மீனைக் கொட்டுறவன் தூண்டிலே கொண்டு வர்றதில்லையே.

நீர்ப்பூச்சி

ஈசூன் தம்பி, தூண்டில் அண்ணே சொன்னதுலதான் உங்க புரொஜெக்டே இருக்கு. நான் நன்னீர் சர்வே வேலைதான் பாக்குறேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

கிராவிட்டி மாடல தூக்கிப் போட்டுடாதீங்க. அதுல படகுங்கிறது வெறும் வண்டிதான், அடியில இருக்கிற கேள்வி "எத்தனை உயிர், எத்தனை தடவை, எந்த இடத்துல வந்து விழுது" அவ்ளோதான். அங்க அதுக்கு பதில் படகு ரெஜிஸ்ட்ரேஷன் எண்ணிக்கையில கிடைச்சுது. இங்க அந்த பதில் மீன்கடை, வீவக அடுக்குமாடி வீடு, பஸ் ஸ்டாப், கார்பார்க், இரவு பன்னெண்டு மணிக்கு தண்ணி கிட்ட இறங்க முடியுமா முடியாதாங்கிறதுல இருக்கு. நீங்க ஏரிக்கு தூரம்னு போடுற இடத்துல ரோட்டுல இருந்து தண்ணி வரைக்கும் நடக்குற தூரம் போடுங்க, 17 நீர்த்தேக்கத்துல சிலது வேலிக்குள்ள, சிலது எம்ஆர்டி ரயில் பக்கத்துல, அந்த வித்தியாசமே உங்களுக்கு நெறய சொல்லும்.

இன்னொண்ணு, அங்க மாடல் செஞ்சவங்களுக்கு உதவுற நெறய விஷயம் இங்க செத்துப்போகும். வெப்பநிலைய எடுத்துக்கோங்க. நம்ம தீவு ஒரு கோடியில இருந்து இன்னொரு கோடி 50 கிலோமீட்டர்தான், எல்லா நீர்த்தேக்கமும் ஒரே சூடு, அதனால காலநிலை பொருத்தம்னு மேப் போட்டா முழு தீவும் ஒரே கலர்ல வரும். அது எந்த இனம் பிழைக்கும்னு வடிகட்ட மட்டும் உதவும், அமேசான்காரன் பிழைப்பான், குளிர் நாட்டுக்காரன் தடுமாறுவான். எந்த நீர்த்தேக்கம்னு அது சொல்லாது. ஸீப்ரா மஸலுக்கு ஓடு கட்ட கால்சியம் வேணும், அதனால கால்சியம் கம்மியான ஏரிய லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க. அந்த மாதிரி இங்க எது பிரிக்கும்னு தேடணும்.

என் அனுபவத்துல ரெண்டு விஷயம் பிரிக்குது. ஒண்ணு உப்பு. பீக்காக் பாஸ், மோட்டோரோ ரெண்டும் கடல் தண்ணியில தாக்குப் பிடிக்காது. அப்ப கிராஞ்சியில இருக்கிற பீக்காக் பாஸ் தானா நீந்தி கடல் வழியா பொங்கோல் போகவே முடியாது, போயிருந்தா ஒண்ணு யாரோ கையில போயிருக்கு, இல்ல குழாய்லயோ கால்வாய்லயோ போயிருக்கு (நீர்த்தேக்கத்துக்கு நடுவுல பம்ப் பண்ணி தண்ணி மாத்துறாங்க, அந்த இணைப்பை மறந்துடாதீங்க, முட்டையும் குஞ்சும் போக முடியுமான்னு பாக்கணும்). ஆனா மாயன் சிக்லிட், திலாப்பியா, அப்புறம் நம்ம இந்தியக் கரிமீன், ஆமா கேரளாவுல வாழையிலையில சுட்டு தின்போமே அதே கரிமீன் இங்க அயல் மீனு, இதுங்க எல்லாம் உப்பு தாங்கும். இதுங்களுக்கு கடலோரம், சதுப்புநிலம், முகத்துவாரம் எல்லாமே ரோடு. அப்ப ஒரே மேப் ரெண்டு கூட்டத்துக்கும் பொருந்தாது, ரெண்டு தனி மாடல் போடணும். உப்பு தாங்காததுக்கு மனுஷன் கையும் குழாயும் மட்டும், தாங்குறதுக்கு அதோட கரையும்.

மரினாவைப் பாருங்க. 2008ல அணை வந்துச்சு, 2010ல நல்ல தண்ணியா மாறிடுச்சு. கடலோர மீனுக்கு மெதுமெதுவா இடம் போகுது, நன்னீர் மீன் இன்னும் வந்து நிரம்பல, அந்த இடைவெளியில உப்பும் நன்னீரும் ரெண்டும் ஒத்துக்கிற மீனுக்கு கொண்டாட்டம். சிராங்கூன், பொங்கோலும் அதே வகை, 2011ல வந்ததுங்க. அதனால நீர்த்தேக்கத்தோட வயசு, முன்னாடி அது ஆறா சதுப்பா கடலாங்கிறத உங்க மாடல்ல ஒரு காரணியா போடுங்க.

ரெண்டாவது விஷயம் அமிலம். அதை கீழ எழுதுறேன், இப்ப டீ குடிக்கப் போறேன்.

கிராஞ்சி_காத்து

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி பேசிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

நீர்த்தேக்கமே மனுஷன் கட்டுனதுதானே? மெக்ரிட்ச்சி 1868ல கட்டுனது, அதுக்கு முன்ன அங்க ஏரியே கிடையாது. நம்ம ஊர் சொந்த மீனெல்லாம் காட்டு ஓடையில நிழல்ல வாழ்ற விரல் நீள மீனு, அதுங்க இவ்ளோ பெரிய வெட்டவெளி தண்ணியில எப்படியும் இருந்திருக்காது. அப்ப காலியா கிடந்த வீட்ல வேற ஆளு குடிவந்தா என்ன நஷ்டம்? பீக்காக் பாஸ் பிடிக்க எத்தனை பேரு வாரக்கடைசியில வந்து சந்தோஷமா நிக்கிறாங்க, பசங்க போனை விட்டுட்டு வெளிய வர்றாங்க. "ஊடுருவி"ன்னு பேரு வச்சா மட்டும் எதிரியாயிடுமா? எல்லாத்துக்கும் பயம் காட்டுறதுதான் எனக்கு பிடிக்கல லா.

நீர்ப்பூச்சி

கிராஞ்சி, கோவமெல்லாம் இல்ல, நீங்க கேட்டதுல பாதி சரி. திறந்த தண்ணியில நம்ம ஓடை மீனுங்க பெருசா இருந்திருக்காது, உண்மை. அதனாலதான் நானும் "எல்லா நீர்த்தேக்கத்துலயும் எல்லா வெளி மீனையும் ஒழிக்கணும்"னு சொல்ற ஆள் இல்ல.

ஆனா நீர்த்தேக்கம் தனியா கிடக்கல. நீ சூன் சதுப்புக் காட்டு ஓடையெல்லாம் சிலேத்தார் நீர்த்தேக்கப் பக்கம்தான் வந்து இறங்குது. அந்த ஓடையில தண்ணி டீ கலர்ல இருக்கும், இலை அழுகி அமிலம் ஏறின தண்ணி, மேல மரம் மூடியிருக்கும். நம்ம தீவுல மிச்சம் இருக்கிற சொந்த நன்னீர் மீனு பெரும்பாலும் அந்த மாதிரி இடத்துலதான் ஒண்டிக்கிட்டிருக்கு. இப்போதைக்கு அதுங்களைக் காப்பாத்துறது வேலி இல்ல, சட்டம் இல்ல, அந்த அமிலமும் நிழலும்தான். தென் அமெரிக்க சிக்லிட் நெறயதுக்கு வெளிச்சமும் திறந்த தண்ணியும் பிடிக்கும், உள்ள வர யோசிக்கும். இதுதான் நான் சொன்ன ரெண்டாவது வடிகட்டி.

சிக்கல் என்னன்னா, கதவு இருக்குன்னு வாசல்ல கூட்டத்தை சேத்துக்கிட்டே போகக்கூடாது. காட்டு ஓரத்துல பாதை போடுறோம், கரைக்கு சிமென்ட் பூசுறோம், மரம் விழுது, பிஎச் ஏறி அமிலம் குறையுது, நிழல் போகுது, அன்னிக்கு கதவு திறக்கும். அப்ப பக்கத்துலயே ஆயிரக்கணக்குல காத்துக்கிட்டிருக்கிறது யாருன்னு பாருங்க. அமேசான்ல கருந்தண்ணியில பிறந்து வளர்ந்த இனங்களும் மீன்கடையில விக்குது, அதுங்களுக்கு இந்த அமிலம் ஒரு பொருட்டே இல்ல. என்னைக் கேட்டா ஈசூன் தம்பி மேப்ல முதல் சிவப்பு புள்ளி அங்கதான் வைக்கணும், இன்னிக்கு மீன் இருக்கிற இடத்துல இல்ல.

பீக்காக் பாஸ் என்ன செய்யும்னு கேட்டா பனாமாவுல கத்துன் ஏரி கதை இருக்கு. அதுவும் மனுஷன் கட்டுன ஏரிதான், கால்வாய்க்காக. விளையாட்டு மீன்பிடிக்குன்னு ஒரு குளத்துல விட்டிருந்த பீக்காக் பாஸ் 1967 வாக்குல வெள்ளத்துல தப்பிச்சு ஆத்துல இறங்கி ஏரிக்கு வந்துச்சு. 1973ல ஸாரெட்டும் பெயினும் எழுதுன கட்டுரையில, முன்ன சாதாரணமா கிடைச்ச 8 மீன் இனத்துல 6 காணாமப் போச்சுன்னு பதிவு பண்ணியிருக்காங்க. சின்ன மீன் போனா கொசு லார்வா தின்ன ஆளில்லையேன்னு அப்பவே கவலைப்பட்டிருக்காங்க. சுமார் 45 வருஷம் கழிச்சு திரும்ப போய் பாத்தவங்களும் பழைய மீனு மீளலைன்னுதான் சொன்னாங்க. செயற்கை ஏரியா இருந்தாலும் நடந்தது நடந்ததுதான்.

பசங்க வெளிய வர்றாங்கங்கிறது எனக்கும் சந்தோஷம். மீன் பிடிங்க, வேண்டாம்னு யாரு சொன்னா. ஒரு நீர்த்தேக்கத்துல பிடிச்சு இன்னொண்ணுல விட்டு "ஸ்டாக்" பண்றவங்க இருக்காங்க பாருங்க, அதுதான் ஆகாத வேலை.

மன்னார்குடி_செல்வா

வணக்கம். மீன் பேச்சு ஓடிக்கிட்டிருக்கு, செடியையும் நத்தையையும் விட்டுட்டீங்க. நான் இங்க லேண்ட்ஸ்கேப் கம்பெனியில வேலை, குளம் சுத்தம் பண்ற டீம்ல இருக்கேன்.

ஊர்ல ஆகாயத்தாமரை பாத்து வளந்தவன் நான், எங்க ஊர் வடவாத்துல அதை இழுத்துப் போட்டு கை காய்ச்சுப் போயிருக்கு. அதுல ஒரு விஷயம், மேல இருக்கிறத வாரிட்டு குளம் சுத்தமாச்சுன்னு போட்டோ எடுத்து அனுப்புவாங்க. ஓரத்துல நாணல் நடுவுல ஒரே ஒரு கொடி துண்டு மாட்டியிருந்தா போதும், அது பக்கத்துல குட்டி விட்டு, குட்டி இன்னொரு குட்டி விட்டு திரும்ப மூடிடும். சேத்துல விதை பல வருஷம் உயிரோட கிடக்கும் வேற. அதனால நாங்க வாரினப்புறம் ஓரத்தைத்தான் சுத்தி சுத்தி பாப்போம், நடுவுல இல்ல. வலை, பூட்ஸ், மிதவை எல்லாத்தையும் அடுத்த குளத்துக்கு கொண்டுபோறதுக்கு முன்ன கழுவி வெயில்ல காய வைக்கணும், அவசரத்துல இதைத்தான் முதல்ல விடுவாங்க. தம்பி, உங்க மாடல்ல எங்கள மாதிரி காண்ட்ராக்ட் வண்டியையும் சேத்துக்கோங்க, ஒரே நாள்ல நாலு குளம் சுத்துறது நாங்கதான்.

நத்தை வந்து, அந்த பிங்க் கலர் முட்டைக் கொத்து பாத்திருப்பீங்க, தண்ணிக்கு மேல செடித் தண்டுலயும் சுவத்துலயும் ஒட்டியிருக்கும். அது தென் அமெரிக்க ஆப்பிள் நத்தை. நம்ம பக்கத்து சொந்த ஆப்பிள் நத்தை வேற, அதோட முட்டை வெள்ளையா இருக்கும், கரை மண்ணு ஓரத்துல வைக்கும். புதுசா வர்ற பசங்க எல்லா நத்தையையும் ஒண்ணா அள்ளி போட்டுடுவாங்க, சொந்த நத்தை ஏற்கனவே கொஞ்சம்தான் இருக்கு, அதையும் சேத்துக் கொன்னுட்டா என்ன பிரயோஜனம். பிங்க் முட்டைய சுரண்டி தண்ணிக்குள்ள தள்ளிட்டா பெரும்பாலும் பொரிக்காது. கையுறை போட்டுக்கிட்டு செய்யணும், அந்த முட்டையில நஞ்சு இருக்கு.

யாருன்னு சரியா அடையாளம் தெரியாம வேலை செஞ்சா என்ன ஆகும்னு எங்க சூப்பர்வைசர் ஒரு கதை சொல்வாரு, அப்புறம் நானும் படிச்சுப் பாத்தேன், நிஜம்தான். சல்வீனியான்னு ஒரு மிதக்குற பெரணி, கேரளாவுல ஆப்பிரிக்கன் பாயல்னு சொல்வாங்க, வயலையும் காயலையும் மூடிடுச்சு. அதைத் தின்ன ஒரு வண்டு டிரினிடாட்ல இருந்து கொண்டுபோய் வேற நாடுகள்ல விட்டுப் பாத்தாங்க, வேலைக்கு ஆகல. ஏன்னா செடியையே தப்பா அடையாளம் பண்ணி வச்சிருந்தாங்க, 1972லதான் இது தனி இனம்னு பேர் வச்சாங்க, அப்புறம் தேடிப் பாத்தா சொந்த ஊரு தென்கிழக்கு பிரேசில். அங்க போயி அதே செடியில இருந்த வண்டை எடுத்துட்டு வந்து 1980ல ஆஸ்திரேலியாவுல மூண்டாரா ஏரியில விட்டாங்க. பாக்க பழைய வண்டு மாதிரியேதான் இருந்துச்சாம், அதுவும் தனி இனம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அடுத்த வருஷமே ஏரி காலி, சுமார் 18,000 டன் செடின்னு கணக்கு. கேரளாவுலயும் அதே வண்டுதான் வேலை செஞ்சுது. பொடி சைஸ் வண்டு, எங்க டீம் மொத்தம் சேந்தாலும் செய்ய முடியாத வேலை.

ஈசூன்_பையன்

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், நான் இவ்ளோ எதிர்பாக்கல. செல்வா அண்ணே, காண்ட்ராக்ட் வண்டி பாயிண்ட் எந்த கட்டுரையிலயும் பாக்கல, கண்டிப்பா சேத்துக்கிறேன்.

இப்ப அடுத்த தலைவலி. டேட்டாவுக்கு நான் ஐநேச்சுரலிஸ்ட்ல மக்கள் போட்ட போட்டோ, மீன்பிடி குரூப் போஸ்ட் எல்லாம் எடுத்து மேப்ல போட்டேன். மேக்ஸென்ட் ஓட்டுனேன், மீன் பாத்த இடத்தை வச்சு வேற எங்க இருக்கலாம்னு கணிக்கிற புரோகிராம். முடிவு சூப்பரா வந்துச்சு, மாடல் ஸ்கோர் உச்சத்துல நிக்குது, பாத்தா எல்லா சிவப்பும் தூண்டில் போட அனுமதி இருக்கிற மேடைங்களச் சுத்தி. நல்ல முடிவா இது, இல்ல எனக்கு நானே கதை சொல்லிக்கிறேனா?

அப்புறம் மீனை எடுக்க முடியுமான்னு கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

நீர்ப்பூச்சி

தம்பி, அந்த மாடல் கண்டுபிடிச்சது மீனை இல்ல, மீன் பிடிக்கிறவங்களை. தூண்டில் எங்க அனுமதியோ அங்கதான் மனுஷன் நிக்கிறான், அங்கதான் போட்டோ வருது. இதுல இந்த ஊருக்கே உரிய ஒரு வம்பு இருக்கு, மீனைக் கொட்டுற இடமும் சுலபமா இறங்குற இடம்தான், மீனைப் பாக்குற இடமும் அதேதான். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கிறதால ஸ்கோர் உச்சத்துல வர்றது ஆச்சரியமே இல்ல. ஒப்பிட்டுப் பாக்க மாடலுக்கு கொடுக்கிற பின்னணிப் புள்ளிகள தீவு முழுக்க கண்ணை மூடிட்டு தூவாதீங்க, அதே ஆளுங்க போட்ட மத்த மீன், மத்த பறவை போட்டோ எங்கெங்க இருக்கோ அங்க இருந்து எடுங்க. அப்ப "ஆளு வந்தான், பாத்தான், ஆனா இந்த மீன் இல்ல"ங்கிறது ஓரளவு தெரியும்.

சரிபாக்க இ-டிஎன்ஏ நல்ல வழி, தண்ணிய வடிகட்டி அதுல மிதக்குற டிஎன்ஏவ பாக்குறது. 2009லயே சிகாகோ கால்வாய் பக்கம் ஆசியக் கெண்டை வந்துடுச்சான்னு பாக்க அதைப் பயன்படுத்தினாங்க. ஆனா நம்ம சூட்டுலயும் வெயில்லயும் டிஎன்ஏ சீக்கிரம் சிதையும், அது ஒரு வகையில நல்லது, பழைய தடயம் குழப்பாது. பம்ப் பண்ணி வர்ற தண்ணியில மட்டும் ஜாக்கிரதை, மீன் ஒரு இடம் டிஎன்ஏ ஒரு இடம்னு ஆயிடும். சாம்பிள் எடுக்க நீர்த்தேக்கம்னா அதைப் பாத்துக்கிற பொதுப் பயனீட்டுக் கழகம், காட்டு ஓடைன்னா தேசியப் பூங்காக் கழகம், ரெண்டு இடத்துலயும் அனுமதி வாங்கணும், செமஸ்டர் தொடங்கறதுக்கு முன்னாடியே விண்ணப்பிச்சுடுங்க.

பத்துல ஒண்ணு விதின்னு ஒண்ணு படிச்சிருப்பீங்க, இறக்குமதி ஆகுறதுல பத்துல ஒண்ணு வெளிய வரும், அதுல பத்துல ஒண்ணு நிலைக்கும், அதுல பத்துல ஒண்ணு தொல்லை கொடுக்கும்னு. அதை மாடல்ல போட்டுடாதீங்க, முதுகெலும்பு உள்ளதுங்களுக்கு விகிதம் அதைவிட ரொம்ப ஜாஸ்தின்னு பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டுது.

எடுக்க முடியுமா? குடிக்கிற தண்ணிங்க இது. அமெரிக்காவுல மேரிலாண்ட்ல 2002ல ஒரு குளத்துல பாம்புத்தலை விரால் வந்துச்சு, ஒரு ஆளு சூப்புக்கு உயிரோட வாங்கி, வேணாம்னு குளத்துல விட்டது, பெருகிடுச்சு. ரோட்டினோன் மருந்து போட்டு குளத்துல இருந்த மொத்த மீனையும் கொன்னாங்க. ஒழிச்சாச்சுன்னு மூச்சு விடறதுக்குள்ள 2004ல பொட்டோமாக் ஆத்துல அதே இனம், அது இந்தக் குளத்து வாரிசு கூட இல்ல, வேற யாரோ தனியா விட்டது. இங்க அந்த மருந்தை நினைச்சுக்கூட பாக்க முடியாது, தண்ணிய வடிச்சு காலி பண்றதும் சின்ன குளத்துக்குத்தான் ஆகும். வலை, மின்சாரம் வச்சுப் பிடிக்கிறதெல்லாம் எண்ணிக்கைய குறைக்கும், விட்டா திரும்ப ஏறும். அதனால என் கருத்து, நீர்த்தேக்கம் முழுக்க ஒழிக்கிறதுல காசைக் கொட்டாம, காட்டு ஓடை சேர்ற வாய்கள்ல மட்டும் தொடர்ந்து கண்காணிச்சு எடுக்கணும். மத்த காசு மீன்கடை பக்கம் போகணும். அபராதம், விசாக தினத்தை ஒட்டி "விடாதீங்க"ன்னு தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் ஆள் நிறுத்தி சொல்றது, எல்லாம் தேவைதான், ஆனா புண்ணியத்துக்கு விடறவங்க ஒரு நாள் வர்றாங்க, தொட்டி பத்தாம விடறவங்க வருஷம் பூரா வர்றாங்க.

தூண்டில்_அண்ணே

அக்கா சொன்ன போட்டோ விஷயத்துக்கு ஒரு வார்த்தை. பீக்காக் பாஸ்லயே ரெண்டு மூணு இனம் இங்க இருக்கு, கலப்பும் இருக்குங்கிறாங்க, எல்லாரும் மீனை முகத்துக்கு நேரா நீட்டிப் பிடிச்சு செல்ஃபி எடுக்கிறானுங்க, பட்டை எத்தனை, எங்க நிக்குது ஒண்ணுமே தெரியாது. ஈரத் துணியில படுக்க வச்சு பக்கவாட்டுல ஒரு போட்டோ, துடுப்பை விரிச்சு, பக்கத்துல ஸ்கேல் வச்சு. எங்க குரூப்ல சொல்லி வைக்கிறேன் தம்பி. கிடைக்காத நாளையும் எழுதச் சொல்லவா? "இன்னிக்கு ஒண்ணும் இல்ல"ன்னு எவனும் போஸ்ட் போடமாட்டான், ஆனா அதுதான் உங்களுக்கு வேணும் போல.

ஈசூன்_பையன்

அண்ணே, அது கிடைச்சா எனக்கு தங்கம். எத்தனை மணி நேரம் நின்னாங்கன்னும் போடச் சொல்லுங்க ப்ளீஸ்.

தெம்பனிஸ்_சுமதி

இதெல்லாம் படிச்சதும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. எங்க வீட்ல ஒரு ஆமை இருக்கு, காது பக்கம் சிவப்பு கோடு. பையன் பிரைமரியில இருக்கும்போது அம்பது காசு சைசுல வாங்கினது, இப்ப அவன் நேஷனல் சர்வீஸ் போயிட்டான், ஆமை சாப்பாட்டு தட்டு சைசுல வாஷிங்மெஷின் பக்கத்துல உக்காந்து என்னையே முறைச்சுக்கிட்டிருக்கு. பக்கத்து வீட்டு அம்மா, பூங்கா குளத்துல விட்டுடு, அங்க கூட்டாளிங்க நெறய இருக்குன்னாங்க. விடக்கூடாதுன்னு தெரியுது, ஆனா வேற என்னதான் பண்றது? இது எத்தனை வருஷம் இருக்கும்?

நீர்ப்பூச்சி

சுமதிக்கா, விட்டுடாதீங்க, சட்டப்படியும் குத்தம். நல்லா பாத்துக்கிட்டா இருபது முப்பது வருஷம் கூட இருக்கும். வாங்கின கடையில திரும்ப எடுப்பாங்களான்னு முதல்ல கேளுங்க, சிலர் எடுப்பாங்க. இல்லைன்னா ஆமை வளக்குறவங்க குரூப்ல தத்து கொடுக்க போஸ்ட் போடுங்க, பெரிய தொட்டி வச்சிருக்கிறவங்க வாங்கிப்பாங்க, தொட்டியையும் ஃபில்டரையும் சேத்துக் கொடுத்தா சீக்கிரம் போகும். அதுவரைக்கும் வாஷிங்மெஷின் பக்கம் இல்லாம கொஞ்சம் வெயில் படுற இடத்துல வைங்க, ஓடு மெத்துனு ஆயிடப்போகுது.

ஈசூன்_பையன்

சுமதிக்கா, தப்பா நினைக்காதீங்க, எந்த வருஷம் வாங்குனீங்க, எவ்ளோ வெள்ளி, கடைக்காரர் இது எவ்ளோ பெருசாகும்னு சொன்னாரா? வீட்ல இருந்து பக்கத்து குளத்துக்கு நடந்து போக எவ்ளோ நேரம் ஆகும்? உங்கள மாதிரி வச்சிருக்கிறவங்க கிட்ட இந்த நாலு கேள்வியையும் கேட்டு ஒரு சர்வே போடலாம்னு இருக்கேன், நீங்கதான் முதல் ஆளு.